கோணல் லேபிள்

மார்ச் 3

அத்தைக்கு,

இந்தப் பார்சலைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உள்ளே இருப்பது விஷம் இல்லை, சத்து மாத்திரை.

இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். நாள் முழுக்க நின்றபடி வேலை. பெல்ட்டில் பாட்டில்கள் வரும். மூடி இறுகியிருக்கிறதா, லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளவேண்டும். லேபிள் கோணலாக ஒட்டிய பாட்டில் கடைக்குப் போகாது. உள்ளே மாத்திரையில் ஒரு குறையும் கிடையாது, சட்டைதான் கோணல். அதை வேலை செய்கிறவர்களுக்கே சல்லிசாகக் கொடுத்துவிடுவார்கள். எங்கள் வரிசையில் நிற்கிற எல்லோரும் வீட்டுக்கு அனுப்புவது இதைத்தான். பழம் அனுப்பினால் வழியிலேயே அழுகிவிடும், இது அழுகாது.

ஒரு நாளைக்கு ஒன்று, சாப்பிட்டபிறகு.

ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் இளைத்துப்போன முகம் என் கண்ணிலேயே நிற்கிறது. அந்த முகத்துக்கு நேரேதான் நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பின அன்றைக்கு அப்படிப் பேசினேன். நாங்கள் பெட்டியைத் தூக்கும்போது, "போறவங்க போங்க, நான் செத்தா சொல்லி அனுப்பறேன்" என்றீர்கள். "அப்பவும் லீவு கெடைச்சாத்தான் வருவோம்" என்றேன். நான் சொல்லியிருக்கக் கூடாது. நீங்களும் சொல்லியிருக்கக் கூடாது.

உங்கள் பிள்ளை சௌக்கியம். அம்மாவுக்கு நாலு வரி எழுதுங்கள் என்றால் பேனாவைப் பாம்பு மாதிரி பார்க்கிறார்.

உங்கள் மருமகள்


மார்ச் 14

மருமகளுக்கு,

பிரித்தேன். திருப்பி அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தபாலாபீஸ் வரை யார் நடப்பது?

லேபிள் கோணல்தான். என் பிள்ளை சின்ன வயதில் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவான், அந்தக் கோணல். ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

எங்கள் சலவைக்கூடத்தில் சத்து மாத்திரை முழுங்காத ஆளே இல்லை. இஸ்திரி போடுகிறவள் தலைச்சுற்றலுக்கு முழுங்குகிறாள். மெஷின்காரர் முடி கொட்டுகிறது என்று. மூட்டை தூக்குகிறவன், டிவியில் எவனோ சட்டையைக் கழற்றிக் காட்டினான் என்று. டாக்டரிடம் போனால் அரை நாள் வேலை போகிறது, போனாலும் அவர் நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பதில்லை. மாத்திரை என்றால் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் ஆயிற்று. இத்தனை பேர் நடுவில் நான் மட்டும் ஒன்றும் இல்லாமல் கிழிந்த ஓட்டல் விரிப்புகளைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது மதியம் சாப்பிட்டதும் பாட்டிலை எடுத்து, "என் மருமக அனுப்பினது" என்று காட்டிவிட்டுத்தான் முழுங்குகிறேன். பெருமைக்காக இல்லை. கேட்டார்கள், சொன்னேன்.

நெஞ்சில் இரும்பு வால்வு வைத்ததிலிருந்து மாதா மாதம் கிளினிக்கில் கையை நீட்டவேண்டியிருக்கிறதே, அந்த நர்சுக்குக் குண்டூசி என்று பேர் வைத்திருக்கிறேன். அவளும் அப்படித்தான் இருப்பாள், அவள் வேலையும் அதுதான். ரத்தம் கெட்டியானால் வால்வு அடைத்துக்கொள்ளும், ரொம்ப இளகினால் எங்கேயாவது ஒழுகும். அதற்கு ஒரு மாத்திரை, அது சரியாக வேலை செய்கிறதா என்று ரத்தத்தைச் சோதித்துச் சொல்ல ஒரு எண். எண் மூன்றை ஒட்டி இருக்கவேண்டுமாம், இறங்கினால் கெட்டி, ஏறினால் இளகல். இருந்தது.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று வழக்கம்போல் கேட்டாள். இல்லை என்றேன். இது மருந்தா என்ன, சத்துதானே. வீட்டில் பால் குடித்ததையும் வாழைப்பழம் தின்றதையும் ஆஸ்பத்திரியில் போய் ஒப்பிப்பார்களா? சொன்னால், "இதுக்கெல்லாம் வசதி இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாலும் கேட்பாள்.

எலும்புக்கு ஏதாவது கோணல் பாட்டில் வந்தால் அனுப்பு. தையல் மெஷின் மிதித்து மிதித்து முட்டி போய்விட்டது. கட்டாயம் இல்லை.

அத்தை


மார்ச் 25

அத்தைக்கு,

எலும்பு மாத்திரை இதோ. கோணல் எங்கே என்று தேடாதீர்கள், இது தலைகீழாக ஒட்டியது. பாட்டிலைக் கவிழ்த்தால் படிக்கலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "கட்டாயம் இல்லை" என்று முடித்திருந்தீர்களே, அதைப் படித்து உங்கள் பிள்ளை சிரித்தார். "எங்கம்மா கட்டாயம் இல்லன்னு சொன்னா கட்டாயம்னு அர்த்தம்" என்றார்.

அந்த நர்சை ரொம்பக் கிண்டல் செய்யாதீர்கள். ஊசி அவர் கையில் இருக்கிறது.

மருமகள்


ஏப்ரல் 16

மருமகளுக்கு,

பயமாக இருக்கிறது. அதை உனக்கு எழுத வெட்கமாகவும் இருக்கிறது. ஆனால் வேறு யாருக்கு எழுதுவேன்?

எண் ஒன்றரைக்கு இறங்கிவிட்டது. குண்டூசி நேராக என்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர், "மாத்திரைய ஒழுங்கா போடறீங்களா இல்லையா?" என்றார். போடுகிறேன் என்றேன். "போட்டா நம்பர் எப்படிம்மா இவ்வளவு எறங்கும்? பொய் சொன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்." வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்தது. இந்த வயதில் பொய்க்காரிப் பட்டம்.

வால்வில் ரத்தம் கட்டினால் வால்வு நின்றுபோகலாமாம். கட்டி மூளைக்குப் போனால் கை கால் விழுந்துவிடுமாம், வாய் கோணிக்கொள்ளுமாம். சொல்லிவிட்டு மருந்தை ஏற்றி எழுதிக் கொடுத்தார்.

அறையில் தனியாக இருந்தால் நெஞ்சுக்குள் டிக் டிக் என்று கேட்கிறது. இத்தனை நாள் அது எனக்குத் துணை மாதிரி இருந்தது. இப்போது ஒரு டிக் கேட்டதும் அடுத்தது வருமா என்று காதைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் கேட்கக் கூடாது என்று ரேடியோவைப் போட்டேன். பிறகு நின்றுபோனால் தெரியாதே என்று அதையும் அணைத்துவிட்டேன்.

உன் மாத்திரையால்தான் ஏதோ எழுந்து நடமாடுகிறேன். பெரிய பாட்டில் தீர்ந்துவிட்டது. இஸ்திரிக்காரி, "இந்த நேரத்துல சத்து மாத்திரைய விட்றாதீங்க" என்கிறாள். இன்னும் ஒன்று அனுப்பு.

ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொல் அவனை.

அத்தை


ஏப்ரல் 27

அத்தைக்கு,

கடிதத்தைப் படித்து எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் சாப்பிடாமலே வேலைக்குப் போனார். லீவு கேட்டதற்கு, "போனா அப்படியே போயிடு" என்றார்களாம். நானும் கேட்டேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது. வேண்டுமென்றே வராமல் இல்லை, அத்தை. நம்புங்கள்.

இரண்டு பெரிய பாட்டில் அனுப்பியிருக்கிறேன். எலும்புக்கு இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வேளைகூட விடாதீர்கள். உடம்பில் தெம்பு இருந்தால்தான் எதையும் தாங்கும்.

அறுபது மாத்திரை அதற்குள்ளா தீர்ந்தது? யாருக்கு தானம் செய்கிறீர்கள்?

மருமகள்


மே 9

மருமகளுக்கு,

தானம் செய்ய நான் என்ன ஜமீந்தாரா? எலி தின்றது என்று வைத்துக்கொள்.

போன வாரம் கிளினிக்கில் மருந்தை மறுபடியும் ஏற்றிவிட்டார்கள். முதலில் போட்டதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு முழுங்குகிறேன் இப்போது. எண் இன்னும் ஏறவில்லை. நடுவில் ஒரு தடவை வரச் சொன்னார்கள். பொய்க்காரி என்று முகத்துக்கு நேரே சொன்ன இடத்துக்கு நான் போவதாக இல்லை. மாதம் முடியட்டும், பார்க்கலாம்.

இன்றைக்கு எங்கள் சலவைக்கூடத்து வேன் ஓட்டுகிறவர் உன் பாட்டிலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கழிச்சுப் போட்ட சரக்கும்மா. கம்பெனிக்காரன் குப்பைல கொட்டறத வேலைக்காரங்க தலைல கட்டறான், அவங்க உங்க தலைல கட்டறாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். யாரிடம் எல்லாம் காட்டிப் பெருமை பேசினேனோ அவர்கள் முன்னால். மூட்டை தூக்குகிறவன்கூடச் சிரித்தான்.

சத்து இருந்திருந்தால் எனக்கு ஏன் இப்படி ஆகிறது? நீயே சொல். நேராக ஒட்டியது ஊராருக்கு, கோணல் எனக்கு. பிள்ளையும் வரமாட்டான், லீவு இல்லை. செத்தாலும் லீவு கிடைத்தால்தான் வருவீர்கள், நீ வாயால் சொன்னதுதானே.

பாட்டில்களைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். இன்றோடு சரி, இனிமேல் ஒன்றைக்கூடத் தொடமாட்டேன். கிளினிக் மருந்து ஒன்று போதும் எனக்கு. இனி எதுவும் அனுப்பவேண்டாம். கடிதமும் வேண்டாம்.


மே 15

மருமகளுக்கு,

அன்றைக்குக் கோபத்தில் எழுதிவிட்டேன். பெட்டியில் போட்ட கடிதத்தைக் கையை விட்டு எடுக்க முடியுமா? பார்த்தேன், கை நுழையவில்லை.

இங்கே ஒன்றும் விசேஷம் இல்லை. மருந்தை வேளை தவறாமல் போடுகிறேன். உன் பாட்டிலைத் தொடவில்லை. அந்த வீம்பு மட்டும் இன்னும் போகவில்லை.

நேற்று விரிப்பு தைக்கும்போது விரலில் ஊசி ஏறிவிட்டது. முப்பது வருஷமாக ஏறாத ஊசியா? வாயில் வைத்துச் சப்பினால் நின்றுவிடும். நேற்று நிற்கவே இல்லை. துணியைச் சுற்றினேன், அதையும் மீறி வந்தது. ஓட்டல் விரிப்பு இரண்டில் சிவப்பாகக் கறை. சூப்பர்வைசர் காட்டுக் கத்தல் கத்தினார். பல் தேய்த்தாலும் ஈறில் ரத்தம், பிரஷ் பழசாகிவிட்டது. தொடையில் கரும்பலகை மாதிரி கன்றிப்போயிருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டேன் என்று ஞாபகமே இல்லை.

வயதாகிறது, வேறென்ன. அவனைக் கேட்டதாகச் சொல்.

அத்தை


மே 16

அத்தை, இது தபாலில் வரவில்லை. உங்கள் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் பேசத் தொடங்கினால் உளறுவார், அதனால் முதலில் இதைப் படியுங்கள். படித்தவுடன் செருப்பை மாட்டுங்கள்.

உங்கள் கோபக் கடிதம் இன்று காலையில் வந்தது. கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போய் இடைவேளையில் படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சரக்கைச் சோதிக்கிற மேடம் அந்தப் பக்கம் வந்தார். "வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்றார். என் மாமியாருக்கு இதயத்தில் இரும்பு வால்வு, நான் அனுப்பின மாத்திரையைக் குப்பை என்று தூக்கிப் போட்டுவிட்டார் என்றேன். சொல்லிவிட்டு அவர் சமாதானம் சொல்வார் என்று நின்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறாங்களா?" ஆமாம் என்றேன். "எந்த மாத்திரை அனுப்பின?" இரண்டையும் காட்டினேன். அதில் இருக்கிற ஒரு விட்டமின் ரத்தத்தை உறைய வைக்கிற வேலையைச் செய்யுமாம். கீரையில் இருப்பதும் அதுதானாம். எலும்பு மாத்திரையில் இன்னும் கூடுதலாம். கிளினிக் மருந்து ஒரு பக்கம் இழுக்க, நான் அனுப்பினது மறு பக்கம் இழுத்திருக்கிறது. அதனால்தான் உங்கள் எண் இறங்கியிருக்கிறது, அத்தை. நீங்கள் பொய்க்காரி இல்லை. ஒவ்வொரு பாட்டிலையும் துணியில் சுற்றி நான்தான் அனுப்பினேன். "ஒரு வேளைகூட விடாதீர்கள்" என்று எழுதினதும் நான்தான்.

ஆனாலும், "நல்லவேளை மேடம், அவங்க கோவத்துல நிறுத்திட்டாங்க" என்றேன். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"மருந்த ஏத்தியிருக்காங்களா?"

இரண்டு தடவை என்றேன்.

"அப்ப இனிமேத்தான் ஆபத்து."

புரிகிறதா அத்தை? என் மாத்திரையின் இழுப்புக்கு ஈடு கொடுக்கத்தான் அவர்கள் மருந்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். இப்போது இந்தப் பக்கம் இழுக்க ஆள் இல்லை. ஏற்றின மருந்து முழுசாக வேலை செய்யும். ரத்தம் தண்ணீர் மாதிரி ஆகிவிடும், எங்கே ஒழுகும் என்றே தெரியாது. தலைக்குள்ளேகூட.

பயந்துபோய் என் மாத்திரையைத் திரும்ப முழுங்கிவிடாதீர்கள். கிளினிக் மருந்தையும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் திட்டினால் என்னைத் திட்டச் சொல்லுங்கள்.

சலவைக்கூடத்துக்கு போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வாசலில் நிற்கிறார். லீவு கேட்கவில்லை.


மே 20

அத்தை,

உங்கள் பதினைந்தாம் தேதிக் கடிதம் இப்போதுதான் வந்தது. ஊசி குத்தினது, ஈறு, தொடை. பிரஷ் பழசு என்று எழுதியிருக்கிறீர்களே!

சலவைக்கூடத்துக்கு இன்று மறுபடி போன் செய்தேன். "அவங்க வேலைக்கு வரல, ஏன் வரலன்னு தெரியாது" என்று வைத்துவிட்டார் உங்கள் சூப்பர்வைசர். திரும்பவும் செய்தேன், எடுக்கவில்லை. உங்கள் பிள்ளையிடமிருந்தும் ஒரு தகவல் இல்லை. பெல்ட்டில் பாட்டில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைத் தொடவே கை கூசுகிறது. இன்று கோணல் லேபிள் மூன்றை அப்படியே விட்டுவிட்டேன், திட்டு வாங்கினேன்.

அவர் வந்து சேர்ந்தாரா? ஒரு வரி போதும். யாராவது எழுதுங்கள்.


ஜூன் 2

மருமகளுக்கு,

இருக்கிறேன்.

அவன் எழுதுகிறேன் எழுதுகிறேன் என்று இத்தனை நாளைக் கடத்திவிட்டான். கடைசியில் நானே கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அவன் கதவைத் தட்டினபோது நான் மூக்கில் துணியை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் தொடங்கியது, நிற்கவில்லை, சூடு என்று நினைத்தேன். அவனைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்தது. "லீவு குடுத்தாங்களாடா?" என்றேன். "கேக்கலம்மா" என்றான். உன் கடிதத்தைப் படிக்கக் கண்ணாடியைத் தேடினேன், துணியை எடுத்தால் கடிதம் எல்லாம் ரத்தம். அவனே படித்தான். "தலைக்குள்ளேகூட" என்ற இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அதுவரை எனக்குப் பயம் தெரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாடிப்படியில் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். சின்ன வயதில் அவனை நான் தூக்கினதற்குக் கணக்குத் தீர்ந்தது.

எண் ஒன்பதைத் தாண்டியிருந்ததாம். பாட்டில்களை மேஜையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டாக்டர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, ஆனால் முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பேசினார். ஊசியில் சொட்டுக் கணக்கில் என்னவோ ஏற்றினார்கள். என்ன என்று கேட்டேன். நீ அனுப்பின அதே விட்டமின்தானாம்! அளவாகக் கொடுத்தால் நிறுத்துமாம். சிரிக்கலாம் என்று பார்த்தேன், சிரித்தால் மறுபடி மூக்கில் வருமோ என்று பயமாக இருந்தது. இரண்டு ராத்திரி அந்தப் பயத்திலேயே போயிற்று. டிக் டிக் மட்டும் நிற்கவில்லை.

குண்டூசி வந்து பக்கத்தில் நின்றாள். "வேற மருந்து உண்டான்னு கேட்டேனே, ஏம்மா சொல்லல?" என்றாள். "மருந்துன்னு கேட்ட, சத்துன்னு கேக்கலையே" என்றேன். மறுநாளிலிருந்து வரிசையில் நிற்கிறவர்களிடம் சத்து மாத்திரை, டானிக், பொடி என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கேட்கிறாளாம். கேட்கக் கேட்க ஆளாளுக்குப் பையிலிருந்து எடுக்கிறார்களாம்.

இன்னொன்றும் கேட்டாள். "ஒரு நாளைக்கு ஒண்ணுதானே போட்டிருக்கு, நீங்க எத்தன போட்டீங்க?" இரண்டு என்றேன். ஏன் என்று கேட்டதற்கு உடம்பு அசதி என்று சொல்லிவிட்டேன். அவளிடம் பொய் சொன்னேன், ஆகவே பட்டம் எனக்குப் பொருத்தம்தான்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். முதல் பார்சலில் ஒரு கடிதம் இருந்தது. பாட்டில் தீர்ந்தால்தானே இன்னொன்று கேட்டு எழுத முடியும், நீயும் அதோடு எழுதுவாய். சும்மா எழுது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அறுபது மாத்திரை தீர இரண்டு மாதம் யார் காத்திருப்பது? அதனால் இரண்டிரண்டாக முழுங்கினேன்.

அத்தை


ஜூன் 11

அத்தைக்கு,

இந்தக் கவருக்குள் பாட்டிலைத் தேடாதீர்கள். எதுவும் வைக்கவில்லை.

கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். உங்கள் பிள்ளை வந்துசேர்ந்ததும் அவரிடம் கொடுத்தேன். கடைசிப் பத்தியை அவர் இரண்டு முறை படித்தார். போய்ப் பேனாவைத் தேடினார். கீழே கிறுக்கியிருப்பது அவருடைய கையெழுத்துதான், பயந்துவிடாதீர்கள். அவரைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். போன நாட்களின் சம்பளம் போனதுதான். அடுத்த மாதம் எனக்கு லீவு உண்டு. இல்லை என்றாலும் உண்டு.

பயம் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியில் எண்ணை எழுதுங்கள். மற்ற சண்டையெல்லாம் அதற்குக் கீழே.

கடிதத்தின் தலையில் ஒட்டியிருப்பது ஒரு லேபிள். இன்று பெல்ட்டில் கோணலாக வந்தது, மேடத்திடம் கேட்டு உரித்துக்கொண்டேன். "ஒரு நாளைக்கு ஒன்று" என்று அதில் அச்சடித்திருந்ததைப் பேனாவால் அடித்திருக்கிறேன். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். தீர்ந்துபோனதாகச் சொல்லி எழுதவேண்டியதில்லை. தீராவிட்டாலும் அடுத்தது வரும்.

உங்கள் மருமகள்